மாமன்மார் போட்ட கூரை

வளையல்கார பாய்க்கு முறை இல்லாத மனிதர் என்று கடலூர் தாலுகாவிலும் சிதம்பரம் தாலுகாவிலும் ஒருவரும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த ஊருக்குள் அவருக்கு மாமாவோ மச்சானோ சம்பந்தியோ ஆகியிருப்பார். அடுத்த ஊர் கொஞ்சம் தள்ளி இருந்தால் சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடும் முடிவாகியிருக்கும்.

என்னை அவர் பிடித்தது சிதம்பரம் ரயிலடியில். அங்கே ஒரு அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலையில் இருந்தேன். முதலாளி ஆலையைப் பூட்டினார். நான் ரயிலடிக்குப் படுக்க வந்துவிட்டேன். அதற்கு முன்பு உப்பளம், அதற்கும் முன்பு ஓடு ஏற்றும் லாரி, இடையில் கொஞ்ச காலம் கூரை வேயும் ஆட்களோடு. ஏழாவது பாதியில் நின்றவனுக்கு ஒரே வேலையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாப்பாடு சரியில்லாமல் இருந்த நாட்கள் அவை. அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. அந்த வருஷங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது.

வளையல் பெட்டியை ஒரு பக்கமும் துணி மூட்டையை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு பாய் என் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கட்டம் போட்ட கைலி, கை வைத்த பனியன், நெற்றியில் தொழுத தழும்பு. எந்த ஊர் என்று கேட்டார். எனக்கு ஊர் என்று ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் அம்மாவுக்கு எந்த ஊர் என்றார். காடாம்புலியூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர், அம்மா போய் வெகுநாள் ஆயிற்று என்றேன்.

"பலாத்தோப்ப ஒட்டிப் போவுமே, அந்தத் தெருவா? அந்தத் தெருப் பொம்பளைங்க பூரா எங்கையாலதான் வளையல் போட்டுக்கிட்டாங்க. எல்லாரும் என்னைய அண்ணேன்னுதான் கூப்புடுவாங்க. அப்ப ஒங்கம்மா எனக்குத் தங்கச்சி. நீ மாப்ள. மாமன் பசியா இருக்கேன், மாப்ள பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. எழுந்திரு, இட்லி திம்போம்."

பசியாக இருந்தவன் நான். அது அவருக்குத் தெரிந்திருந்தது. இட்லி தின்று கை கழுவியதும் துணி மூட்டையைத் தூக்கி என் தோளில் வைத்தார். மாமன் மூட்டையை மாப்பிள்ளை தூக்குவதில் கேட்க என்ன இருக்கிறது? இப்படித்தான் அவரோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கினேன்.

முறை சொல்லிக் கூப்பிடுவது எல்லா ஊரிலும் உண்டு. பாய் கூப்பிடுவதோடு விடுகிறவர் இல்லை. எந்த முறைக்கு என்ன உரிமை, என்ன கடமை என்பதை அவர் கறாராக வைத்திருந்தார். மச்சானைக் கேலி செய்யலாம், சம்பந்தியைச் செய்யக் கூடாது. தங்கை வீட்டில் அதிகாரமாகச் சோறு கேட்கலாம், மகள் வீட்டில் தண்ணீரோடு கிளம்பிவிட வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு விழாவின்போது கடை போட வந்தவரை ஒரு போலீஸ்காரர் விரட்டினார். போலீஸ்காரர் கட்டுமன்னார்கோயில் பக்கத்தவர் என்று தெரிந்ததும் அவர் சின்ன மச்சான் ஆகிவிட்டார், கடையும் விளக்குக் கம்பத்தடியில் நல்ல வெளிச்சத்தில் அமைந்துவிட்டது. இதை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அடுத்த மாதம் அந்தப் போலீஸ்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரும் பாய்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மச்சான் சம்சாரம் தங்கச்சியாயிற்றே, வேறு யார் உட்காருவது என்பது போல இருந்துவிட்டார்.

அவர் வீடு கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் வீட்டம்மா கணவரை ஒரு வரியில் அளந்து வைத்திருந்தார். முதல் நாள் எனக்குச் சோறு போடும்போதே சொன்னார். "ஊருல உள்ளவனுக்கெல்லாம் இவரு மாமன். கூடப்பொறந்த எங்கண்ணனுக்கு மட்டும் மச்சானா இருக்கத் தெரியாது." பாய் தன் மீன் துண்டை என் தட்டுக்கு மாற்றினார்.

பள்ளிக்கூட விஷயம் தொடங்கியது ஒரு மழையில். குடிகாட்டுக்குத் தெற்கே உப்பனாற்றை ஒட்டிய ஊர் அது. பெயர் வேண்டாம். வளையல் விற்றுக்கொண்டிருந்தோம், திடீரென்று பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குள் ஓடினோம். உள்ளே போனபிறகும் நனைந்துகொண்டுதான் இருந்தோம். கீற்றுக் கூரையில் கீற்றைவிட வானம் அதிகமாகத் தெரிந்தது. மண்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கரைந்திருந்தது. தலைமையாசிரியர் ஒருவர்தான் ஐந்து வகுப்புக்கும். அவர் வருகைப் பதிவேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பிள்ளைகளை ஒழுகாத மூலையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்று பாய் கேட்டார். மேகம் இருந்தால் விடுமுறை என்றார் தலைமையாசிரியர். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டு முடித்துவிட்டார் என்று தோன்றியது.

அந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின் மகள் அப்போது அந்த மூலையில் நின்றாள். நாலாவது முடிந்து ஐந்தாவது படிக்கிறவள். அவள் அம்மா பாயை அண்ணே என்பதால் இவளுக்கு அவர் மாமா. மற்றப் பாவாடைப் பிள்ளைகள் எல்லாரும் வளையல் பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கடலூரில் ஆறாம் வகுப்புப் புத்தகம் பழசாகக் கிடைக்குமா என்று கேட்டாள். எதற்கு என்றார் பாய். ஐந்தாவதோடு நிறுத்திவிடுவார்கள், அதற்குள் ஆறாவதையும் படித்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். ஆறாவது படிக்க ஓ.டி.க்கு நடக்க வேண்டும். பையன்கள் நடந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளை அந்த ஊரில் யாரும் அனுப்பியதில்லை.

பாய் அடுத்த முறை புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கிருந்து நேராக என்னை மஞ்சக்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடங்களுக்கான அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இருந்தார். பாய் வணக்கம் சொல்லி ஊரை விசாரித்தார். எழுத்தர் தலையைத் தூக்காமலே, தான் தஞ்சாவூர்ப் பக்கம் என்றும், பாயின் முறைக்கெல்லாம் சிக்குகிற ஆள் இல்லை என்றும் சொல்லிவிட்டார். பாயின் புகழ் அங்கேயும் போயிருந்தது.

"பொண்ணு எடுத்தது எங்க, சார்?"

எழுத்தர் பேனாவை மூடினார். "விருத்தாசலம்."

"அப்ப எங்க சீமை மாப்ள. மாப்ளைய நிக்க வெச்சுப் பேசக்கூடாது. நல்லவேளை, நீங்க உக்காந்திருக்கீங்க. நாங்கதான் நிக்கிறோம்."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு நாற்காலி போடச் சொன்னார். விஷயத்தையும் விளக்கமாகச் சொன்னார். ஆறாம் வகுப்பு கொடுக்க அரசாங்கம் தயார். ஊரார் ஓடு போட்ட அறை ஒன்று கட்டிக் கொடுக்க வேண்டும், வகுப்பில் உட்காரப் போதிய பிள்ளைகள் இருக்க வேண்டும். பையன்களை மட்டும் எண்ணினால் பற்றாது, பெண்பிள்ளைகளும் சேர்ந்தால்தான் வகுப்பு. ஜூன் மாதம் திறக்கும்போது இரண்டும் இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

பெண் பள்ளிக்கு வந்தால்தான் வகுப்பு, வகுப்பு வந்தால்தான் பெண் பள்ளிக்கு வருவாள் என்று தலைமையாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஊர்க்கூட்டம் கூடியது. பெரிய வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், பிடிவாதக்காரர். கட்டடம் வேண்டுமானால் கட்டலாம், ஊருக்குக் கௌரவம் என்றார். "ஆனா எம்பொண்ணு அஞ்சாவதோட சரி. அதுக்கு மேல படிச்சு அவ யாருக்குக் கணக்கு எழுதப் போறா?" மற்ற தகப்பன்மார் தலையாட்டினார்கள். அவர் வீட்டு வாசல் தாண்டி அந்த ஊரில் யோசனை போகாது.

பாய் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. முதலில் கட்டடம் என்றார். பள்ளிக்கூடம் இந்த ஊருக்குப் பிறந்த பெண், இப்போது ஆறாவது வரப்போகிறது, அப்படியென்றால் பெண் பெரியவளாகிறாள், பெரியவளாகிற பெண்ணுக்குச் சுற்றுவட்டாரமே சீர் கொண்டுவந்தாக வேண்டும் என்றார். கூட்டம் ஆரவாரமாக ஒப்புக்கொண்டது. மறுநாளிலிருந்து தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பாயும் நானும் தலைமையாசிரியரும் சுற்று ஊர்களுக்கெல்லாம் அழைப்புக்குப் போனோம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டால் வராமல் இருக்க முடியாது. வந்தால் பக்கத்து ஊரைவிடக் குறைத்துச் செய்யவும் முடியாது. பாய் நம்பியிருந்தது இதைத்தான்.

அந்த வாரம் வளையல் வியாபாரம் அமோகம். எந்த ஊருக்குப் போனாலும் டஜன் டஜனாக வாங்கினார்கள், அதுவும் கை அளவு பார்க்காமல். பாய் ஓ.டி.க்கு இரண்டு தடவை ஓடிச் சரக்கு எடுத்துவந்தார். "பாத்தியா மாப்ள, நல்ல காரியத்துல எறங்குனா தொழிலும் கூட வருது" என்றார்.

சீர் வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். மேளம் முன்னே, தட்டு தட்டாகப் பெண்கள் பின்னே, ஊருக்கு ஊர் வரிசையாக ஆற்றங்கரைப் பாதையில் வந்தார்கள். முதல் ஊர் பித்தளைக் குடம் கொண்டுவந்தது. இரண்டாவது ஊர் அதைவிடப் பெரிய குடம் கொண்டுவந்தது. பிறகு குத்துவிளக்கு, தாம்பாளம், முகம் பார்க்கும் கண்ணாடி, வாழைத்தார், தேங்காய், சரிகை போட்ட புடவை. பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டியில் பலாப்பழம் ஏற்றி வந்தார்கள். எல்லாத் தட்டிலும் மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில் அடுக்கு அடுக்காகக் கண்ணாடி வளையல். பாய் விற்ற வளையல்.

ஒரு செங்கல் வரவில்லை. ஒரு ஓடு வரவில்லை. பெண்ணுக்குச் சீர் என்று அழைத்தோம், பெண்ணுக்கு என்ன செய்வார்களோ அதைக் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். தலைமையாசிரியர் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். புடவையை யார் கட்டுவது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பாய் தன் வளையல்களைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார்.

குடங்களை விற்று ஓடு வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். சீர்ப் பாத்திரத்தை விற்றால் கொண்டுவந்த ஊரின் முகத்தில் அடித்தது போல. ஊரோ வேறொரு சண்டையில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன் யார், முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு ஊர்ப் பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு அம்மா பேசினார். ஆற்றில் நண்டு பிடித்து விற்று ஒற்றை மகளை வளர்க்கிறவர். கணவரும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஓரமாக நின்று பலாச்சுளை தின்றுகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். "சீரெல்லாம் வந்துருச்சு, சரி. குச்சு கட்ட வேண்டியது மாமன்தானே? அவன் வராம பொண்ண எங்க உக்கார வெப்பீங்க?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து அவளுக்கென்று ஒரு குடிசை கட்டுவான். குச்சு என்போம். மாமன் கட்டிய குச்சில் மருமகள் உட்கார வேண்டும். மற்றச் சீரை யாரும் செய்யலாம், கூரை மாமனுடையது.

துண்டை உதறிக்கொண்டிருந்த இருவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். கட்டடம் கட்டுகிறவன்தான் மாமன் என்றால் முதல் மரியாதையை அடுத்தவரே வைத்துக்கொள்ளட்டும் என்ற முகம் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. பாய் அவர்களைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, ஐந்தாவது படிக்கிற பெண்களின் அம்மாக்கள் யார் யார் என்று கேட்டார். ஒவ்வொருத்தியாக முன்னே வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் அவள் கூடப்பிறந்தவன் எந்த ஊரில் என்ன செய்கிறான் என்று விசாரித்தார். பண்ருட்டியில் மரவாடி வைத்திருக்கிற அண்ணன், பரங்கிப்பேட்டையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடுகிற தம்பி, ஓடு விற்கிற கிடங்கில் சுமை தூக்குகிறவன், செங்கல் சூளையில் கூலிக்கு இருக்கிறவன், சிதம்பரத்தில் வண்டி ஓட்டுகிறவன். சொல்லச் சொல்ல அம்மாக்களின் குரல் உயர்ந்துகொண்டே போனது. எங்கண்ணன் உத்தரமே கொண்டுவருவான் என்றார் பெரிய வீட்டுக்காரரின் மனைவி. தன் தம்பி அதற்குச் சளைத்தவனா என்றாள் அடுத்தவள். நண்டுக்கார அம்மாவின் முறை வந்தபோது அவர் கையில் இருந்த பலாக்கொட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்கு நான் இருக்கேன்ல, தங்கச்சி" என்றார் பாய். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "எம்பேரையும் சேத்துக்குங்க. நானும் ஒரு மாமன்" என்றார்.

மறுபடி ஊர் ஊராக நடந்தோம். இந்தத் தடவை அழைப்பு வேறு. பள்ளிக்கூடம் என்ற சொல்லையே பாய் கடைசிவரை எடுக்க மாட்டார். பெரிய வீட்டம்மாவின் அண்ணன், பண்ருட்டி மரவாடிக்காரர், ஆள் பெரிய மீசை, கை இரண்டும் தேக்குக் கட்டை போல. உங்கள் தங்கச்சி மகளுக்குக் குச்சு கட்ட வேண்டும், அழைக்க வந்தோம் என்றார் பாய். அவர் பதறிவிட்டார்.

"எம்மருமவ பெரியவளாயிட்டாளா? எனக்கு ஏன் சேதி சொல்லல? மச்சான் என்னைய மதிக்கல பாத்தீங்களா?"

"பெரியவ இன்னும் ஆவல. ஆறாவது ஆயிட்டா."

அவருக்குப் புரிய இரண்டு டம்ளர் மோர் ஆகியது. புரிந்ததும் மரவாடிக்குள் போய்ப் பலா உத்தரம் ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். வேறு யார் உத்தரம் கொண்டுவருகிறார்கள், அது எத்தனை கனம் என்று மட்டும் விசாரித்தார். செங்கல் சூளைத் தம்பியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. வேகாமல் ஒதுக்கிய கல்லையும் விளிம்பு உடைந்த கல்லையும் முதலாளியிடம் முறையிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஓட்டுக் கிடங்குக்காரன் தன் முதலாளியைப் பாயிடம் அறிமுகம் செய்துவைத்தான். அவ்வளவுதான் அவன் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் முதலாளி பாய்க்குப் பெரியம்மா மகன் ஆகிவிட்டார், கிடங்கில் விற்காமல் கிடந்த ஓடுகள் லாரி ஏறின.

வைகாசியில் ஒரு காலை மாமன்மார் வந்தார்கள். ஊர் எல்லையில் தங்கைகளும் அக்காக்களும் ஆலத்தித் தட்டோடு நின்றார்கள். முன்னால் மேளம், பின்னால் வண்டிகள். உத்தரம் வந்தது, பனஞ்சட்டம் வந்தது, சுண்ணாம்பு மூட்டை வந்தது, விளிம்பு உடைந்த செங்கல் வந்தது. ஒரு மாமன் கையில் காகிதப் பொட்டலம் மட்டும் இருந்தது. அதில் ஆணி. அவனுக்கும் மேளக்காரர்கள் அதே அடி அடித்தார்கள். பாய் அதில் கண்டிப்பாக இருந்தார். உத்தரத்துக்கு ஒரு தாளம், ஆணிக்கு ஒரு தாளம் என்று இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

கடைசியாகப் பாய் வந்தார். தலையில் ஒரு கதவு. நல்ல பழைய வேங்கைக் கதவு, பித்தளைக் குமிழ்கள் வைத்தது. எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓ.டி. சந்தில் எத்தனையோ தடவை அதைத் தள்ளித் திறந்து உள்ளே போயிருக்கிறேன். வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களே, வீட்டம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"சாக்கு தொங்க வுட்டிருக்கேன். எங்கூட்ல திருட இன்னா இருக்குது, வளையலுதானே? திருடன் கையில போட்டுக்கிட்டுப் போவட்டும்" என்றார். வீட்டம்மா சொன்னதைச் சொல்லவில்லை. பிறகு நானே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அது எழுதக்கூடியது இல்லை. ஆனால் கதவின் பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்த்து அனுப்பியது அந்த அம்மாதான்.

கட்டட வேலை எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். கொத்தனார் ஒருவர்தான். மற்ற எல்லாம் மாமன்மார். தான் கொண்டுவந்த பொருள் மேலே ஏறும்வரை ஒருவனும் ஊருக்குக் கிளம்பவில்லை. கிளம்பவும் முடியாது, அக்கா வீட்டில் தினமும் மீன் குழம்பு. சுண்ணாம்பு மாமனும் செங்கல் மாமனும் தமக்குள் போட்டி போட்டுக்கொண்டு சுவர் எழுப்பினார்கள். மச்சான்மார் சும்மா நின்று கேலி பேசினால் கையில் சட்டியைக் கொடுத்துவிடுவார்கள். இந்த மச்சானுக்கு மண் குழைக்கவாவது தெரியுமா, எங்கள் தங்கையை எப்படித்தான் இவருக்குக் கொடுத்தோமோ என்று ஒருவன் தொடங்குவான், அதோடு அந்த மச்சான் மாலைவரை மண் குழைப்பான். ஓடு போட்டது நான். மேலே உட்கார்ந்து பார்த்தால் ஆறும், அதற்கு அப்பால் கடலும் தெரியும். கீழே சிரிப்பு. எத்தனையோ இடத்தில் வேலை செய்திருக்கிறேன், இறங்க மனம் வராமல் இருந்த கூரை அது ஒன்றுதான்.

முதல் சீரும் வீணாகவில்லை. குடங்கள் குடிதண்ணீருக்கு ஆயின. கண்ணாடியைச் சுவரில் மாட்டினார்கள். புடவை தலைமையாசிரியரின் அறைத் தடுப்பானது, சரிகை உட்பட.

ஜூன் மாதம் திறக்கிற நாள் மஞ்சக்குப்பத்திலிருந்து அதிகாரி வந்தார். எங்கள் சீமை மாப்பிள்ளையான எழுத்தரும் உடன் வந்தார். அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை நிமிர்ந்து பார்த்தார், கதவின் குமிழ்களைத் தடவிப் பார்த்தார். கட்டடம் திருப்தி, பிள்ளைகள் எங்கே என்றார். பையன்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைகள் குளித்துப் பின்னல் போட்டு, அம்மாக்களோடு வாசலில் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. எல்லாரும் பெரிய வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தோளில் துண்டோடு மரத்தடியில் நின்றார், அசையவில்லை. அவர் மகள் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதன் அட்டை கிழிந்துவிட்டது, அத்தனை தடவை படித்திருந்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுத்தர் பாயைப் பார்த்தார். பாய் மாமன்மார் நின்ற பக்கம் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பினார்.

பண்ருட்டி மரவாடிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

"மச்சான், உள்ள கெடக்குதே, அது எங்க வாடியிலயே பெரிய உத்தரம். எம்மருமவ உக்காரத்தான் கொண்டாந்தேன். மாமன் கட்டுன குச்சுல மருமவ உக்காரலன்னா அப்பறம் நான் இந்த ஊருக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? இன்னைக்கு இது குச்சு இல்லன்னு சொல்லிடுங்க. நாளைக்கி இவ கல்யாணத்துக்கு மாமன தேடாதீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உத்தரத்தைத் தூக்கி வந்தவருக்கு இருக்கிற நியாயத்தோடு சொன்னார். அவருக்குப் பின்னால் சுண்ணாம்பு மாமன், செங்கல் மாமன், ஆணி மாமன் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவனும் தன் தன் மச்சானைத் தேடிப் பார்த்தான். தகப்பன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடலாம். மைத்துனன் கட்டிய கூரை வேண்டாம் என்று எந்த ஆம்பிளை சொல்வான்?

பெரிய வீட்டுக்காரர் மகள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். "எங்கெருந்தய்யா சுத்திக்கிட்டு வர்ற நீ" என்றார். உதட்டோரம் சிரிப்பு வந்ததை அவரால் நிறுத்த முடியவில்லை. மகள் கையைப் பிடித்து வாசல்வரை தானே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

அவள் உள்ளே போய் உட்காரவில்லை. நின்று மேலே பார்த்தாள். உத்தரம் எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். "இது எங்க மாமன் கட்டை. இதுக்குக் கீழ நான்தான்." அவ்வளவுதான், பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து மேலேயும் சுவரிலும் தேடத் தொடங்கினார்கள். ஒருத்தி விளிம்பு உடைந்த செங்கல் தெரிகிற இடத்தைப் பிடித்தாள். ஒருத்தி பனஞ்சட்டத்தில் ஆணித்தலையைக் கண்டுபிடித்து அதன் கீழே பையன் ஒருவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் உயர வரிசைப்படி உட்காரவைக்கப் பார்த்தார், நடக்கவில்லை. அதிகாரி பிள்ளைகளை எண்ணத் தொடங்கி, அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் தவறவிட்டு, மறுபடி தொடங்கி, கடைசியில் போதும் போதும் என்று சொல்லி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நண்டுக்கார அம்மாவின் மகள் மட்டும் நடுவே நின்றாள். கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஒம் மாமன் கொண்டாந்தது மேல இல்ல புள்ள, இதோ. கதவுகிட்ட உக்காரு. அதிகாரியே வந்தாலும் ஒன்னத் தாண்டித்தான் உள்ள வரணும்."

அவள் கதவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வெளியே போகத் திரும்பிய அதிகாரி அவள் எதிரில் வந்து நின்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலை மடக்கி வழிவிட்டாள்.